வெயில்லயும் வறட்சியிலயும் அடிபட்ட பழைய கிட்டார்: கோளாறு பாத்து சரி பண்றது எப்படி

பழைய அகூஸ்டிக் கிட்டார் ஒன்னு அலமாரி மேலயோ ஜன்னல் ஓரமோ வருஷக்கணக்கா கிடந்துட்டு வெளிய வந்தா கிட்டத்தட்ட ஒரே மாதிரி கோளாறுகளோடதான் வரும், கம்பி தட்டும், விரல் கீறும், மேல் பலகையில கோடு விட்டிருக்கும், பிரிட்ஜ் (கம்பியோட கீழ் முனையைப் பிடிச்சிருக்குற மரத்துண்டு) லேசா தூக்கியிருக்கும். ரிப்பேர்ல கெட்டுப்போற கிட்டார்ல நிறைய அவசரத்துலதான் கெடுது. மரம் காஞ்சு கிடக்குறப்பவே அரம் போட்டு, பசை ஊத்தி, ட்ரஸ் ராடைத் (கிட்டார் கழுத்தான நெக்குக்குள்ள ஓடுற உலோகத் தண்டு) திருகிடறாங்க, அப்புறம் மரத்துல ஈரம் ஏறி பழைய அளவுக்கு வந்ததும் பண்ணின வேலை எல்லாமே தப்பான அளவுல நிக்குது. அதனால உங்க கிட்டார்ல என்ன கோளாறா இருந்தாலும் சரி, கீழ இருக்குற முதல் பகுதியை முடிச்சுட்டு அப்புறம் உங்க கோளாறுக்குப் போங்க.

## எதுக்கும் முன்னாடி

கம்பியை எல்லாம் லூஸ் பண்ணுங்க. கழட்ட வேண்டாம், தொளதொளன்னு ஆகுற அளவுக்கு இறக்கினா போதும். சாதாரண ஸ்டீல் கம்பி செட் ஒன்னு முழு டியூன்ல இருந்தா 70 கிலோ அளவுக்கு இழுக்குது, அடிபட்ட மரத்துல அந்த இழுவையோட எதையும் சோதிக்கக் கூடாது. (ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்குற உசரம், அளக்குறப்ப மட்டும் டியூன் ஏத்தணும், அதை அங்கங்க சொல்றேன்.)

கிட்டார் இப்பதான் சூடான இடத்துல இருந்து வந்திருக்குன்னா, உதாரணமா பூட்டின கார்ல கிடந்துச்சுன்னா, கேஸைத் தொறந்து உடனே டியூன் பண்ணிப் பாக்காதீங்க. மரவேலைக்குப் போடுற சாதாரண பசை 60 டிகிரி செல்சியஸ் பக்கத்துல போனாலே இளக ஆரம்பிச்சிடும், அந்த நேரத்துல கம்பி இழுத்தா மூட்டு நகந்துரும், ஆறினதும் நகந்த இடத்துலயே இறுகிக்கும். நிழல்ல வச்சு, கம்பியை இறக்கிட்டு, நல்லா ஆறுற வரைக்கும் விட்டுருங்க.

அடுத்தது ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், காத்துல ஈரம் எவ்வளவுன்னு காட்டுற மீட்டர். கிட்டாரை கேஸுக்குள்ள வச்சு மீட்டரையும் கூடவே போட்டு மூடி ஒரு நாள் கழிச்சுப் பாருங்க, 45ல இருந்து 55 சதவீதம்னா நல்ல நிலை, 40க்குக் கீழன்னா காத்து வறட்சி, 30க்குக் கீழன்னா மரம் சுருங்கிட்டு இருக்கு. மலிவான மீட்டர் சிலது 10 சதவீதம் வரை தப்பா காட்டும், அதை வீட்டுலயே செக் பண்ணலாம்: ஒரு பாட்டில் மூடியில சாப்பாட்டு உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்கு வர்ற அளவு தண்ணி சொட்டு விட்டு, மீட்டரோட சேத்து காத்துப் புகாத பையில ஒரு ராத்திரி மூடி வைங்க. காலையில 75 காட்டணும். 70 காட்டினா உங்க மீட்டர் 5 கம்மியா சொல்லுதுன்னு மனசுல வச்சுக்கோங்க.

வறட்சின்னு உறுதியானா மெதுவா ஈரம் ஏத்தணும். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுல ஸ்பாஞ்ச், நனைச்சு நல்லாப் பிழிஞ்சது, ஒரு சொட்டுகூட சிந்தக் கூடாது. ஒரு டப்பா கேஸ்ல தலைப்பக்கம், சின்னதா இன்னொன்னு சவுண்ட்ஹோல்ல (மேல் பலகையில இருக்குற வட்ட ஓட்டை) கம்பிக்கு நடுவுல தொங்கணும். கேஸை மூடி வச்சு ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை நனைங்க. நல்லா காஞ்ச கிட்டாருக்கு ஒன்னுல இருந்து மூணு வாரம் ஆகும். பாத்ரூம்ல ஆவி புடிக்க வைக்கிறது, ஈரத்துணி சுத்துறது ரெண்டும் வேணவே வேணாம், வெளிப்பக்கம் ஊறி உள்பக்கம் காஞ்சு நின்னா அதுலயே புது விரிசல் வரும்.

இன்னொரு சோதனை, இதுதான் வறட்சியா சூடான்னு பிரிச்சுக் காட்டும். நேரான ஸ்கேல் ஒன்னை பிரிட்ஜுக்குப் பின்னாடி டாப் (மேல் பலகை) மேல குறுக்க வைங்க. நல்ல கிட்டார்ல டாப் லேசா மேடா இருக்கும், ஸ்கேல் நடுவுல தொட்டு ரெண்டு பக்கமும் ஆடும். ஸ்கேல் ஆடாம தட்டையா உக்காந்தாலோ நடுவுல பள்ளம் தெரிஞ்சாலோ அது வறட்சி. மேடு அளவுக்கு மீறி வயிறு தள்ளின மாதிரி இருந்து, பிரிட்ஜுக்கும் சவுண்ட்ஹோலுக்கும் நடுவுல குழி விழுந்திருந்தா சூடு பட்டிருக்கு, இல்ல கம்பி ரொம்ப வருஷமா இழுத்துருக்கு. மீட்டர் 60க்கு மேல காட்டுற இடமா இருந்தா அதே வயிறு வெறும் ஈரத்தாலயும் வரும், அதுக்கு காய வச்சாலே போதும்.

கடைசியா ஒன்னு: சவுண்ட்ஹோல் ஓரத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. மேல தெரியுற மர ரேகை அப்படியே ஓரத்துலயும் கீழ இறங்கினா திடமரம். ஓரத்துல அடுக்கடுக்கா தெரிஞ்சா ப்ளைவுட். ப்ளைவுட் டாப் சுலபமா விரியாது, ஆனா சூட்டுல அடுக்கு பிரிஞ்சு கொப்புளம் வந்தா அதை சரி பண்ற செலவு பெரும்பாலும் கிட்டாரோட மதிப்பைத் தாண்டிரும்.

## கோளாறு: நெக் ஓரத்துல கை வச்சா ஃப்ரெட் முனை கீறுது

ஃப்ரெட்போர்டு (நெக் மேல விரல் வைக்குற பலகை) அகலத்துல சுருங்கியிருக்கு, அதுல குறுக்க பதிச்சிருக்குற உலோக ஃப்ரெட் சுருங்காது, அதான் முனை வெளிய நீட்டுது. வறட்சியோட முதல் அடையாளமே இதுதான், டாப் விரியுறதுக்கு முன்னாடி பெரும்பாலும் இது வந்துரும்.

ஈரம் ஏத்தினப்புறம் போயிடுச்சா? விட்டுருங்க, அரத்தை எடுக்கவே வேணாம்.

போகல, ஆனா ஃப்ரெட் ஆடல: நெக்கோட பக்கவாட்டுல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, மெல்லிசான தட்டை அரத்தை ஃப்ரெட் முனையில சாய்வா வச்சு கீழ்ப்பக்கமா மட்டும் தேயுங்க, அப்புறம் 600 நம்பர் உப்புத்தாளால ஒரு தடவு. விரல் பட்டா வழுக்கணும், அவ்வளவுதான்.

நகத்தால முனையை அமுக்கினா ஸ்ப்ரிங் மாதிரி இறங்கி ஏறுது: ஃப்ரெட் காடியை விட்டு எழும்பியிருக்கு. ஒன்னு ரெண்டுன்னா மரக்கட்டை வச்சு லேசா தட்டி உக்கார வைக்கலாம். நாலஞ்சு எழும்பியிருந்தா ரிப்பேர்காரர் கிட்ட குடுங்க, எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வரணும், அது கைப்பழக்கம் வேணும்ங்கிற வேலை.

ரோஸ்வுட், எபனி ஃப்ரெட்போர்டு வெளுத்துப் போய் சாம்பல் பூத்த மாதிரி இருந்தா ஃப்ரெட்போர்டு எண்ணெய் சில சொட்டு துணியில எடுத்துத் தடவி அஞ்சு நிமிஷத்துல துடைச்சுருங்க. எண்ணெய் ஈரம் குடுக்காதுங்க, மேற்பரப்பு மறுபடி காயுறதை கொஞ்சம் தடுக்கும், அவ்வளவே. வார்னிஷ் அடிச்ச மேப்பிள் போர்டுக்கு எண்ணெயே வேணாம்.

## கோளாறு: கம்பி கீழ இறங்கி எல்லா இடத்துலயும் தட்டுது

டாப் தட்டையாவோ பள்ளமாவோ இருக்கா? பதில் உங்களுக்கே தெரியும், ஈரம் ஏத்துங்க. டாப் எழும்பினா பிரிட்ஜும் கூட எழும்பும், கம்பியும் தானா மேல வந்துரும். இந்த நிலையில சாடிலுக்கு (பிரிட்ஜ் மேல கம்பி உக்காருற சின்ன பட்டை) அடியில அட்டை வச்சு உசத்துறவங்க நிறைய பேர், மரம் சரியானதும் கம்பி மலை மாதிரி மேல நிக்கும்.

டாப் சரியா இருக்கு, இன்னும் தட்டுது: நெக்கைப் பாக்கணும். டியூன் ஏத்திட்டு முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பியை அமுக்கிப் பிடிக்குற க்ளிப்) போட்டு, நெக் பாடியோட சேருற ஃப்ரெட்ல (பெரும்பாலும் 14) ஆறாவது கம்பியை (தடிமனானதை) அமுக்கிப் பிடிங்க, 7வது ஃப்ரெட் மேல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. சாதாரண எழுதுற பேப்பர் ஒன்னு சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன், ஒன்னோ ரெண்டோ உள்ள போய் கம்பியை லேசா தொட்டா நல்லா இருக்கு. இடைவெளியே இல்ல, கம்பி ஃப்ரெட் மேலயே படுத்திருக்குன்னா நெக் பின்பக்கமா வளைஞ்சிருக்கு, ட்ரஸ் ராடை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில கால் சுத்து விட்டு, டியூன் பண்ணி, மறுபடி அளந்து பாருங்க. ஒருநாள் விட்டு அளக்குறது இன்னும் நல்லது, நெக் உடனே முழுசா நகராது. நட்டு இறுகிப் போய் சாவி வழுக்குதுன்னா அங்கயே நிறுத்துங்க, ராட் முறிஞ்சா ஃப்ரெட்போர்டையே பிரிக்க வேண்டி வரும்.

நைலான் கம்பி கிட்டார்ல பெரும்பாலும் ட்ரஸ் ராடே இருக்காது, தேடி நேரம் வீணாக்க வேணாம்.

ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும் தட்டுது: அந்த ஃப்ரெட்டுக்கு அடுத்தது எழும்பியிருக்கு. மேல சொன்ன நகச் சோதனைதான்.

12ல இருந்து 14 வரைக்கும் மேடு, அதுக்கப்புறம் சரிவு: டாப் இறங்கினதால ஃப்ரெட்போர்டோட கடைசிப் பகுதி கூடவே இறங்கியிருக்கு. ஈரம் ஏறினா பாதிக்கு மேல சரியாகும், மீதி நின்னா ஃப்ரெட்டை சமன்படுத்துற வேலை, அது வெளியாள் வேலைதான்.

## கோளாறு: கம்பி மேல ஏறி அமுக்கவே முடியல

இதுக்குதான் பெரும்பாலும் சூடு காரணம், இங்கதான் செலவும் ஏறும். டியூன் ஏத்திட்டு 12வது ஃப்ரெட்ல கம்பியோட அடிப்பக்கத்துல இருந்து ஃப்ரெட் தலை வரைக்கும் அளங்க, ஸ்டீல் கம்பி கிட்டார்ல ஆறாவது கம்பி 2.5 மில்லிமீட்டர் பக்கம், முதல் கம்பி 1.8 பக்கம் இருந்தா சுகமா வாசிக்கலாம். 3.5 தாண்டினா கை வலிக்கும். நைலான்ல 4, 3ன்னு இருந்தா அது இயல்பு, அதைக் கோளாறுன்னு நினைக்காதீங்க.

முதல்ல நெக் வளைவு. மேல சொன்ன பேப்பர் சோதனையில நாலஞ்சு பேப்பர் தாராளமா போகுதுன்னா நெக் முன்பக்கமா வளைஞ்சிருக்கு. கம்பியை இறக்கிட்டு ட்ரஸ் ராடை கடிகார முள் திசையில கால் சுத்து, அளந்து, தேவைன்னா இன்னொரு கால் சுத்து. அதுக்கு மேல போகணும்னா ரிப்பேர்காரர்கிட்ட காட்டிட்டுப் பண்ணுங்க. இன்னொரு விஷயம், ட்ரஸ் ராடுங்கிறது நெக்கை நேராக்க மட்டும்தான், ஆக்ஷனை இறக்குறதுக்கு அதைத் திருகாதீங்க.

நெக் நேரா இருக்கு, ஆக்ஷன் இன்னும் உசரம். சாடில் பிரிட்ஜுக்கு மேல எவ்வளவு தெரியுதுன்னு பாருங்க. 3 மில்லிமீட்டர் இருந்தா தேய்ச்சுக் குறைக்க இடம் இருக்கு, 12வது ஃப்ரெட்ல 0.5 குறையணும்னா சாடில்ல 1 மில்லிமீட்டர் எடுக்கணும், அடிப்பக்கத்தை மட்டும் தட்டையான கண்ணாடி மேல உப்புத்தாள் ஒட்டி தேயுங்க. தேய்க்குறதுக்கு முன்னாடி பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கோங்க.

சாடில் ஏற்கனவே தாழ்வா இருக்கு. நீளமான ஸ்கேலை ஃப்ரெட் மேல நெடுக்க வச்சு பிரிட்ஜ் வரைக்கும் கொண்டு போங்க. ஸ்கேல் முனை பிரிட்ஜோட மேல்மட்டத்தைத் தொட்டா நெக் கோணம் சரி. மேல்மட்டத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழ, பிரிட்ஜோட முன்முகத்துல போய் முட்டினா நெக் முன்னாடி சாஞ்சுருச்சு. அப்படியே நெக்கோட அடிப்பக்கம் பாடியோட சேருற இடத்துல ஒரு பேப்பரை நுழைச்சுப் பாருங்க, உள்ள போச்சுன்னா மூட்டு வாய் விட்டிருக்கு. இதுக்கு நெக் ரீசெட் வேணும், அதாவது நெக்கைக் கழட்டி கோணம் சரி பண்ணி மாட்டுறது. போல்ட் போட்ட நெக்னா வேலை சுலபம், செலவும் கம்மி. பசை போட்ட டவ்டெயில்னா (ஒன்னுக்குள்ள ஒன்னு கோத்த மர மூட்டு) ஆவி விட்டுக் கழட்டி, கோணத்தை செதுக்கி, திரும்ப ஒட்டணும், அனுபவம் உள்ள ஆள் கிட்டயே குடுங்க. வாய் விட்ட மூட்டுல மேலாக்க பசையைத் தடவி க்ளாம்ப் போட்டு இறுக்குறது கொஞ்ச நாள் நிக்கும், அப்புறம் வர்ற ரிப்பேர்காரருக்கு அந்தப் பசையைச் சுரண்டுறதே ரெட்டை வேலை.

## கோளாறு: டாப்ல கோடு விட்டிருக்கு

மரம் விரிஞ்சிருக்கா, மேல் பூச்சு மட்டும் விரிஞ்சிருக்கான்னு தெரியாம எதுவும் பண்ணாதீங்க. அறையை இருட்டாக்கி, சவுண்ட்ஹோல் வழியா ஒரு சின்ன டார்ச்சை உள்ள வச்சு வெளிய இருந்து பாருங்க, முழுசா விரிஞ்ச மரத்துல மயிரிழை மாதிரி வெளிச்சக்கோடு தெரியும். மர விரிசல் எப்பவும் ரேகையோட நீளத்துலயே ஓடும், பிரிட்ஜுல இருந்து பின்பக்கமாவோ, ஃப்ரெட்போர்டு ஓரமாவோ, பின் பலகை நடு இணைப்புலயோ. பூச்சு விரிசல் ரேகையைக் குறுக்க வெட்டியும் ஓடும், நிறைய சின்னச் சின்ன கோடா இருக்கும், நகம் தட்டாது. பூச்சு மட்டும்தான்னா அது பாக்க ஒரு மாதிரி இருக்கே தவிர கிட்டாருக்கு எந்த ஆபத்தும் இல்ல.

ஈரம் ஏத்தினதும் விரிசல் வாய் மூடிக்கிச்சு: இதை நீங்களே ஒட்டலாம். பசை எடுக்குறதுக்கு முன்னாடி ஒருதடவை எல்லாத்தையும் ஒத்திகை பாத்துக்கோங்க, க்ளாம்ப் எங்க உக்காரும், கை உள்ள எட்டுதான்னு. அப்புறம் விரிசல் மேல மரப்பசையை ஒரு கோடா விட்டு, ஒரு கையை சவுண்ட்ஹோல் வழியா உள்ள விட்டு விரிசலோட ஒரு பக்கத்தை அடியில இருந்து விரலால மெதுவா ஏத்தி இறக்குங்க, மேல இருக்குற கட்டைவிரலால பசையை உள்ள தேய்ங்க, அந்த அசைவுல பசை விரிசலுக்குள்ள இழுத்துக்கும், உள்ள இருக்குற விரல் நுனியில ஈரம் பட்டா பசை மறுபக்கம் வந்துருச்சுன்னு அர்த்தம். ரெண்டு ஓரமும் ஒரே மட்டத்துல இருக்கான்னு நகத்தால குறுக்க தடவிப் பாருங்க, ஈரத்துணியால மிச்சத்தைத் துடைங்க, மேலயும் கீழயும் மெழுகுத்தாள் வச்சு தட்டையான கட்டையோட லேசா இறுக்கி ஒருநாள் விடுங்க. 5 சென்டிமீட்டருக்கு மேல நீளம்னா அடியில சின்ன ஸ்ப்ரூஸ் மரத் துண்டுகளை, 2 மில்லிமீட்டர் தடிமன் போதும், அதோட ரேகை விரிசலுக்குக் குறுக்க வர்ற மாதிரி ஒட்டணும், இல்லன்னா அடுத்த வறட்சியில அதே இடம் திரும்ப விரியும்.

மூணு வாரம் ஆகியும் மூடல: இடைவெளியில மெல்லிய மரச்சீவலை செதுக்கி இறக்கணும், நிறம் பொருத்தணும், ரிப்பேர்காரர் வேலை. விரிசலோட ஒரு பக்கம் இன்னொன்னை விட தாழ்ந்து நின்னாலும் அவர்கிட்டதான்.

சூப்பர் க்ளூவை மட்டும் விரிசல்ல ஊத்தாதீங்க. பழைய லாக்கர் பூச்சை கரைச்சு வடு போடும், வெறும் ஸ்ப்ரூஸ்ல கறை ஊறும், அது இறுகின இடத்துல அப்புறம் மரப்பசை ஒட்டாது.

## கோளாறு: பிரிட்ஜ் பின்ஓரம் தூக்கியிருக்கு

மெல்லிய பேப்பர் துண்டு ஒன்னை பிரிட்ஜோட பின்ஓரத்துல நெடுக தள்ளிக்கிட்டே வாங்க. ஒரு மில்லிமீட்டர் போய் நின்னா கவலை வேணாம், பூச்சு ஓரத்துல நிறைய கிட்டாருக்கு அப்படித்தான் இருக்கும். 3, 4 மில்லிமீட்டர் உள்ள போச்சுன்னா கம்பியை இறக்குங்க, அன்னைக்கே வாசிக்கிறதை நிறுத்துங்க. விட்டு வச்சா ஒருநாள் டாப்போட ரேகையைப் பிச்சுக்கிட்டு தானா கழண்டு வரும், பசை விட்டா சின்ன வேலை, மரம் பிச்சா பெரிய வேலை.

லேசான தூக்கலுக்கு பசையை உள்ள செலுத்தி இறுக்குறவங்க உண்டு, உள்ள பழைய பசை படலம் இருக்குறதால நிறைய தடவை அது நிக்குறதில்ல. சரியான வழி, முழுசா சூடு காட்டிக் கழட்டி, ரெண்டு பக்கமும் மரம் தெரியுற வரைக்கும் சுத்தம் பண்ணி, புதுசா ஒட்டி, டாப்போட வளைவுக்கு ஏத்த கட்டை வச்சு க்ளாம்ப் போடுறது. கத்தியை ரேகைக்கு எதிரா விட்டா டாப் உரிஞ்சுரும், அதனால இதை நான் யாருக்கும் வீட்டுல பண்ணுங்கன்னு சொல்றதில்ல. கழட்டக் குடுக்குறதுக்கு முன்னாடி பிரிட்ஜ் மேல முத்துப் பொட்டு மாதிரி ரெண்டு புள்ளி இருக்கான்னு பாருங்க, சிலதுல அதுக்கு அடியில போல்ட் ஒளிஞ்சிருக்கும்.

## கோளாறு: வாசிச்சா உள்ள எங்கயோ கரகரங்குது

முதல்ல சுலபமானது: டியூன் பண்ற கீயோட திருகு, நட்டு, கம்பி முனை, பிக்அப் ஒயர், சவுண்ட்ஹோலுக்குள்ள விழுந்து கிடக்குற பிக். இதெல்லாம் பாத்தாச்சுன்னா, கம்பியைத் துணியால அடக்கிட்டு டாப்பையும் பின் பலகையையும் விரல் முட்டியால மெதுவா தட்டிக்கிட்டே நகருங்க. நல்ல இடத்துல சத்தம் கட்டியா வரும், ப்ரேஸ் (பலகையைத் தாங்க உள்பக்கம் ஒட்டியிருக்குற கட்டை) விட்ட இடத்துல தகரம் மாதிரி இரைச்சல் வரும். அந்த இடத்துல வெளிய லேசா அமுக்கிப் பிடிச்சுத் தட்டினா இரைச்சல் நின்னுச்சுன்னா ஆளைப் புடிச்சாச்சு. போனை சவுண்ட்ஹோல் வழியா உள்ள விட்டு போட்டோ எடுங்க, ப்ரேஸுக்கும் பலகைக்கும் நடுவுல கருப்புக் கோடு தெரியும்.

பின் பலகை ப்ரேஸோட முனை மட்டும் விட்டிருந்தா, சிரிஞ்ச்ல மரப்பசையை ஏத்தி, மெல்லிய தகட்டால உள்ள பரத்தி, உள்ள இருந்து முட்டுக் கட்டை குடுத்து ஒருநாள் வைக்கலாம். டாப்ல எக்ஸ் வடிவத்துல குறுக்க போற ரெண்டு பெரிய ப்ரேஸ், அதுலயும் அது சந்திக்குற இடம் விட்டிருந்தா தொடாதீங்க, டாப் மொத்த பாரமும் அங்கதான் இருக்கு.

## சின்னச் சின்னது

டியூன் நிக்கலன்னா புதுக் கம்பி போட்டு, நெக்கோட தலைப்பக்கம் கம்பி உக்காருற பட்டையான நட்டோட காடியில பென்சில் கரி தடவி, கீ திருகுகளை இறுக்கிப் பாருங்க, பெரும்பாலும் அங்கயே முடிஞ்சுரும். கீயோட பிளாஸ்டிக் பட்டன் கையில பொடியா உதிருதுன்னா பட்டன் மட்டுமே தனியா கிடைக்கும். பிக்கார்டு (பிக் கீறாம இருக்க டாப்ல ஒட்டியிருக்குற தகடு) ஓரம் சுருண்டு எழும்பினா அதைப் பிடிச்சு இழுக்காதீங்க, பழைய செல்லுலாய்ட் சுருங்குறப்ப கீழ இருக்குற மரத்தையும் சேத்து இழுத்துப் பக்கத்துலயே விரிசல் போட்டிருக்கும், முதல்ல அந்த விரிசலைத் தேடுங்க.

## ரிப்பேருக்குக் கொண்டுபோறப்ப

கம்பியை இறக்கி, கேஸுக்குள்ள ஈர ஸ்பாஞ்ச் வச்சே கொண்டுபோங்க. எத்தனை நாள் ஈரம் ஏத்தினீங்க, மீட்டர் எவ்வளவு காட்டுது, ஆக்ஷன் ஈரத்துக்கு முன்ன எவ்வளவு பின்ன எவ்வளவு, நெக் ஸ்கேல் எங்க முட்டுச்சு, இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நீங்களோ உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவங்களோ எங்கயாச்சும் பசை போட்டிருந்தா எந்த இடம், எந்தப் பசைன்னு மறைக்காம சொல்லிருங்க, அவர் எதை வச்சுக் கழட்டணும்ங்கிறது அதைப் பொறுத்துதான். நெக் ரீசெட், பிரிட்ஜ், ப்ரேஸ் மூணும் சேந்து வந்தா வேலையை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே மொத்த செலவு எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க, திடமர டாப்பா ப்ளைவுட்டான்னு முதல்லயே பாத்து வச்சது இந்த இடத்துல முடிவெடுக்க உதவும்.